சைக்கிள் திருத்தத்தில் எப்பொக்சிப் பசை: எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக்கூடாது?

எமது கிராமங்களில் ஒரு குடும்பத்தின் உழைப்பு பெரும்பாலும் சைக்கிளின் மேல்தான் ஏறி இறங்குகின்றது. விடியற்காலையில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து புறப்படும் வியாபாரி, மண்வெட்டியைப் பாரில் செருகிக்கொண்டு வயலுக்குப் போகும் கூலித் தொழிலாளி, பிள்ளையைக் கரியரில் இருத்தி முன்பள்ளிக்குக் கொண்டுசெல்லும் தாய், நான்கைந்து கட்டை தூரம் சென்று படிக்கும் மாணவி என அனைவரும் இரண்டு சில்லுகளை நம்பியே வாழ்கின்றனர். தொண்ணூறுகளில் வடபகுதிக்கு எரிபொருள் வராதிருந்த காலத்தில் எம்மைத் தாங்கியது சைக்கிளே. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் மக்கள் காத்துநின்றபோது, சைக்கிளை மறந்திருந்த நகரத்தவரும் அதனைத் தேடி வந்தனர்.

அந்த நெருக்கடியுடன் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. முன்னர் உடைந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டியவர்கள், இன்று உடைந்ததை வைத்துக்கொண்டே சமாளிக்கப் பார்க்கின்றனர். அவ்வாறு சமாளிக்கும்போது பலரது கை முதலில் போவது, கடையில் இரண்டு சிறிய குழாய்களாக விற்கப்படும் எப்பொக்சிப் பசையின் பக்கமே. எமது ஊர்களில் எந்த நிறுவனம் செய்ததாயினும் அதனை ‘அரால்டைட்’ என்றே பலரும் அழைப்பர்.

இப்பசை நல்லதொரு பொருள். உரிய இடத்தில், உரிய முறையில் பயன்படுத்தினால் ஏழைக் குடும்பத்தின் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் உரியதல்லாத இடத்தில் பூசினால் ஒரு பிள்ளையின் பல்லையோ ஒரு தகப்பனின் தோள் எலும்பையோ உடைத்துவிடும். எனவே எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது, ஒட்டுவதாயின் எப்படி ஒட்டவேண்டும் என்பதை இக்கட்டுரையில் தெளிவுபடுத்த விரும்புகின்றோம்.

பசையின் கதை

எப்பொக்சி என்பது இரண்டு பாகங்களைக் கொண்ட பசை. ஒரு குழாயில் பிசின் உள்ளது. மற்றையதில் அதனை இறுகச்செய்யும் ‘ஹார்ட்னர்’ உள்ளது. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் குழம்புபோலவே இருக்கும். கலந்தவுடன் அவற்றுக்கிடையே இரசாயன மாற்றம் தொடங்கி, சிறிது நேரத்தில் கல்போல இறுகிவிடும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை தண்ணீர் வற்றுவதால் இறுகுகின்றது. எப்பொக்சி அவ்வாறு வற்றுவதில்லை. ஆதலால் காற்றுப் புகாத இரும்புத் தகடுகளின் நடுவிலும் அது இறுகும். சுருங்குவதும் மிகக் குறைவு. உலோகங்களை ஒட்டுவதற்கு அது சிறந்ததாக விளங்குவதற்கு இவையே காரணங்கள்.

இப்பிசினை ஆக்கியவர்களுள் ஒருவரான பியர் கஸ்ரான் என்னும் சுவிட்சர்லாந்து இரசாயனவியலாளர், 1930களில் செயற்கைப் பற்களுக்கு ஏற்ற பொருளொன்றைத் தேடியபோதே இதில் வெற்றி கண்டார். அந்நாட்டின் பாசல் நகரிலிருந்த சீபா நிறுவனம் 1946இல் இதனை உலோகங்களை ஒட்டும் பசையாக அறிமுகப்படுத்தியது. பின்னர் விமானங்களிலும் வாகனங்களிலும் இது பரவலாகப் பயன்படத் தொடங்கியது.

சைக்கிள் உலகமும் பசையை அறியாததன்று. இத்தாலியில் 1972இல் தொடங்கப்பட்ட ‘அலன்’ நிறுவனம், அலுமினியக் குழாய்களைத் திருகியும் பசையிட்டும் பிரேம்களைச் செய்தது. பிரான்சின் ‘வீற்றஸ் 979’ பிரேமில் குழாய்களையும் மூட்டுகளையும் இணைத்தது பசையே. அயர்லாந்து வீரர் ஷோன் கெலி, கற்கள் பரவிய கரடுமுரடான பாதைகளுக்குப் பெயர்போன பாரிஸ் - ரூபே ஓட்டப் போட்டியில் 1984இலும் 1986இலும் வென்றது இத்தகைய வீற்றஸ் பிரேமிலேயே.

‘அப்படியாயின் உடைந்த பிரேமை நாமும் வீட்டில் ஒட்டலாமே!’ என ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்குரிய பதிலிலேயே விடயம் முழுவதும் அடங்கியுள்ளது.

பலம் எங்கே, பலவீனம் எங்கே?

மதிலில் ஒட்டிய சுவரொட்டியை எண்ணிப் பாருங்கள். அதனை உள்ளங்கையால் அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளினால் இலேசில் நகராது. ஆனால் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தால் முழுவதும் உரிந்து வந்துவிடும். இரண்டு வேளையும் பசை ஒன்றே. விசை வரும் விதம்தான் வேறு. முன்னையதில் பரப்பு முழுவதும் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றது. பின்னையதில் ஒரு மெல்லிய கோடு மாத்திரமே ஒவ்வொரு கணமும் முழுச் சுமையையும் ஏற்கின்றது.

எப்பொக்சியும் இப்படித்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய இரண்டு தகடுகள் வழுக்கிப் பிரிய முயலும்போது அது மிகப் பலமாகப் பிடிக்கும். நன்றாகத் துப்புரவாக்கி ஒட்டிய உலோகத்தில், சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கவல்லது. ஆயினும் சாதாரண உருக்கு அதே அளவு இடத்தில் அண்ணளவாக 4,000 கிலோவைத் தாங்கும் என்பதையும் மறக்கலாகாது. உறையில் ‘ஸ்ரீல்’ என்று எழுதியிருப்பதனால் பசை உருக்காகிவிடாது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எமது பழைய சைக்கிள்களின் பிரேம் குழாய் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் சுற்றளவு 9 சென்ரிமீற்றர் வரும். குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு எனக் கொண்டால், குறுக்காக முறிந்த குழாயின் முனைகளில் பசை பிடிப்பதற்குள்ள இடம் ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதே குழாயின்மேல் இறுக்கமான இன்னொரு குழாய் 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஏறி நின்றால் பசை பிடிக்கும் இடம் 45 சதுர சென்ரிமீற்றர். அதாவது முப்பது மடங்குக்கு மேல். தொழிற்சாலையில் ஒட்டிய பிரேம்கள் நின்றது இந்த முறையில்தான். அவற்றின் குழாயும் மூட்டும் மயிரிழை அளவுக்குப் பொருந்துமாறு கடையப்பட்டிருந்தன. உலோகப் பரப்பும் ஒட்டுவதற்கு முன் விசேடமாகத் தயாரிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும், வருடங்கள் செல்ல ஈரமும் உப்பும் மூட்டினுள் புகுந்து அலுமினியத்தை அரித்ததனால், அவற்றுள் சில மூட்டுகள் கழன்றதுண்டு.

எமது வீட்டு முற்றத்தில் அந்த வசதிகள் இல்லை. எம்மால் ஒட்டப்படும் மூட்டின் உள்ளே பசை முழுவதும் பரவியதா என்று பார்க்கவும் வழியில்லை. எனவே பிரேம் வெடிப்பைப் பசையால் மூடுவது திருத்தம் ஆகாது. அது வெடிப்பை மறைக்கும் வேலை மாத்திரமே.

எப்பொக்சிக்கு வேறு இரண்டு எதிரிகளும் உண்டு. ஒன்று அதிர்ச்சி. கல்லில் இடித்தல், குழியில் விழுதல் போன்ற திடீர் அடிகளில் இறுகிய பசை நொருங்கும் தன்மையுடையது. மற்றையது வெப்பம். சாதாரண வீட்டுப் பசைகள் 60 பாகை செல்சியசுக்கு மேல் இளகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். சித்திரை வெயிலில் நாள்முழுவதும் நிற்கும் கறுப்புத் தகடு கை வைக்க முடியாதபடி சுடுவதை நாம் அறிவோம்.

கேட்கவேண்டிய ஒரு கேள்வி

பசையைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொருவரும் தம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ‘சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஒட்டு திடீரென விட்டால் யார் விழுவார்?’

‘ஒருவரும் விழார், ஏதோ ஒன்று கடகடவென்று சத்தமிடும்’ என்பது பதிலாயின் தயக்கமின்றி ஒட்டலாம். ‘ஓட்டுபவரோ, ஏறியிருப்பவரோ விழக்கூடும்’ என்பது பதிலாயின் பசைக் குழாயை மூடி வைத்துவிட்டு வெல்டிங் கடைக்கோ உதிரிப்பாகக் கடைக்கோ செல்லவேண்டும். இந்த அளவுகோலின்படி சைக்கிளின் பாகங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகின்றோம்.

தாராளமாக ஒட்டத்தக்கவை

1. செயின் கவரில் ஏற்படும் வெடிப்பும் துருப்பிடித்த துளையும். வெடிப்பின் உட்புறமாக மெல்லிய தகரத் துண்டொன்றை, நாற்புறமும் இரண்டு சென்ரிமீற்றராவது மேவி நிற்குமாறு ஒட்டவேண்டும். பால்மா ரின்னில் வெட்டிய தகரமே போதும். அதன் பெயின்ற்றைச் சுரண்ட மறக்கக்கூடாது. ஒட்டிய துண்டு செயினில் முட்டாதிருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. பின் மட்காட்டில் உள்ள சிறு துளைகளும் ஓர வெடிப்புகளும்.

3. மணியின் அடித்தட்டு, பின்புறச் சிவப்பு ஒளித்தெறிப்பானின் தகடு, விளக்கின் மூடி ஆகியன.

4. சுமை தாங்காத சிறு திருகுகளின் புரி அழிந்த துளைகள். உதாரணமாக, செயின் கவரைப் பிடிக்கும் திருகின் துளை. இதற்கு உலோகத் தூள் கலந்த எப்பொக்சி நல்லது. துளையைத் துப்புரவாக்கிப் பசையை நிரப்ப வேண்டும். திருகின்மேல் மெழுகுதிரியை நன்றாகத் தேய்த்து, அதனைப் பசையினுள் செலுத்தி விடவேண்டும். பசை முற்றாக இறுகிய பின் திருகைக் கழற்றினால், மெழுகு காரணமாக அது ஒட்டாமல் வெளியே வரும். துளையில் புதிய புரி உருவாகியிருக்கும்.

பசையுடன் போல்ட்டோ ரிவெட்டோ சேரவேண்டியவை

முன் மட்காட்டையும் அதன் கம்பிகளையும், டைனமோவையும், முன்கூடையின் தாங்கியையும் பலர் சிறு பாகங்கள் என்று எண்ணுகின்றனர். ஆனால் இவை முன்சில்லுக்கு அருகில் இருப்பவை. ஒட்டு விட்டு இவற்றுள் ஒன்று சில்லுக் கம்பிகளுக்குள் புகுந்தால் சில்லு அக்கணமே நின்றுவிடும். ஓட்டுபவர் ஹாண்டிலுக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். ஆகையால் இவ்விடங்களில் பசையை மாத்திரம் நம்பக்கூடாது. ஒரு சிறு போல்ட்டோ ரிவெட்டோ சுமையைத் தாங்க, பசை ஆட்டத்தை நிறுத்தி ஈரம் புகாமல் அடைக்கும் வேலையைச் செய்யட்டும். பசை இறுகுமுன்பே ரிவெட்டை அடித்துவிட வேண்டும். இறுகிய பின் சுத்தியலால் அடித்தால் பசை வெடிக்கும்.

ஒருபோதும் ஒட்டக்கூடாதவை

பிரேம், முன்சில்லைத் தாங்கும் போக், ஹாண்டில், அதன் தண்டு, பிரேக் கம்பிகளும் கைபிடிகளும், கிராங்க், பெடல் அச்சு, சில்லின் அச்சு, ரிம், சீற்றைத் தாங்கும் குழாய் ஆகியவற்றைப் பசையால் திருத்த முற்படக்கூடாது. இவற்றோடு கரியரையும் சேர்க்கின்றோம். ‘கரியர்தானே’ என்று எண்ணுதல் தவறு. அதில் 50 கிலோ நெல் மூடையும் ஏறும், பிள்ளையும் ஏறும். கரியரின் கால் கழன்றால் சுமை பின்சில்லின் மேல் சாயும். பிள்ளையின் கால் கம்பிகளுக்குள் போகவும் கூடும்.

கிராங்கைப் பிடிக்கும் கொட்டர் பின் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும்போது, இடைவெளியில் பசையை ஊற்றி விடுவோர் உள்ளனர். ஒவ்வொரு மிதிக்கும் முழு உடற்பாரமும் அந்தச் சிறிய பின்னின் மேலேயே விழுகின்றது. சில நாட்களிலேயே பசை தூளாகிவிடும். பின்னர் கிராங்கின் துளையும் தேய்ந்து, சிறு செலவோடு முடிந்திருக்கவேண்டிய வேலை கிராங்கையே மாற்றும் நிலைக்கு வந்துவிடும். சைக்கிள் பாகங்களில் கொட்டர் பின் மிக மலிவானவற்றுள் ஒன்று. அதனைப் புதிதாகவே வாங்குங்கள்.

பிரேம் வெடித்தால் என்ன செய்வது? எமது பழைய சைக்கிள்களின் உருக்குக் குழாய்கள் மூட்டுகளுக்குள் செருகப்பட்டுப் பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவை. அனுபவமுள்ள தொழிலாளி மீண்டும் அவ்வாறே பித்தளை வைத்து ஒட்டலாம். இதற்கு வெல்டிங்கிலும் பார்க்கக் குறைந்த வெப்பமே வேண்டும் என்பதால் மெல்லிய குழாய் எரிந்து துளைபடும் ஆபத்தும் குறைவு. வெடித்த இடத்தில் ஏற்கெனவே எப்பொக்சி பூசியிருந்தால் தொழிலாளிக்கு அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். அது எரியும்போது நச்சுப் புகை வரும். மிச்சம் இருக்கும் பசையில் பித்தளையும் பிடிக்காது.

ஒட்டும் முறை

பசை விட்டுப்போகும் சந்தர்ப்பங்களிற் பெரும்பாலானவற்றில் குற்றம் பசையினுடையதன்று. அடியில் இருக்கும் பரப்பே காரணம். துருவின் மேல் ஒட்டினால் பசை துருவைத்தான் பிடிக்கும். துரு இரும்பை விட்டு உதிரும்போது பசையும் உடன் உதிரும். பெயின்ற்றின் மேல் ஒட்டினாலும் இதே கதிதான். மணல்மீது வீடு கட்டியவனின் உவமையை அறிந்த எமக்கு இதனை விரிவாக விளக்கத் தேவையில்லை. ஒட்டு வேலையில் முக்கால் பங்கு நேரம் துப்புரவாக்குவதிலேயே செல்லவேண்டும்.

முதலாவதாக, துருவையும் பெயின்ற்றையும் கம்பித் தூரிகையாலும் அரத்தாலும் நீக்கி, வெறும் உலோகம் மினுங்கும்வரை எமரித் தாளால் தேயுங்கள். நிக்கல், குரோம் பூசிய வழுவழுப்பான பாகங்களையும் சுரசுரப்பாகும்வரை தேய்க்கவேண்டும். பசை பற்றிக்கொள்வதற்குக் கீறல்கள் தேவை.

இரண்டாவதாக, எண்ணெய்ப் பிடிப்பை நீக்குங்கள். சைக்கிளில் எண்ணெய் படாத இடம் அரிது. பலர் மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு வேலை முடிந்ததென எண்ணுகின்றனர். மண்ணெண்ணெய் கிறீசைக் கரைக்கும், ஆனால் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படையை விட்டுச் செல்லும். ஆகவே அதற்குப் பின் சலவைத்தூள் கரைத்த சுடுநீரால் கழுவி, நல்ல நீரால் அலசி, உலர்த்தி, கடைசியாக அசற்றோன் அல்லது சத்திரசிகிச்சை ஸ்பிரிட் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். அவை விரைவாகத் தீப்பற்றுபவை. அடுப்பும் பீடியும் அருகில் இருக்கக்கூடாது.

துப்புரவாகிவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஸ்பிரிட்டால் துடைக்குமுன், பரப்பில் சிறிது சுத்தமான தண்ணீரை விட்டுப் பாருங்கள். சேம்பிலையில் விழுந்த நீர்போலத் திரண்டு உருண்டால் எண்ணெய் இன்னும் உண்டு. ஒரே படையாகப் பரந்து நின்றால் பரப்பு தயார். அதன்பின் விரலால் தொடவேண்டாம். விரலிலும் எண்ணெய்ப்பற்று உள்ளது.

அலுமினியப் பாகமாயின் தேய்த்தவுடன் தாமதியாமல் ஒட்டவேண்டும். அலுமினியத்தின்மேல் காற்றினால் உடனேயே ஒரு மெல்லிய படை உண்டாகி, நேரம் செல்லச் செல்ல வளரும். அது பசையின் பிடிப்பைக் கெடுக்கும்.

மூன்றாவதாக, பசையைக் கலவுங்கள். பெரும்பாலான வகைகளில் இரண்டு குழாய்களிலிருந்தும் சமநீளக் கோடுகளாகப் பிதுக்க வேண்டும். எனினும் உறையில் உள்ள அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள். ஹார்ட்னரைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவாக இறுகும் என்பது தவறான நம்பிக்கை. அளவு தவறினால் பசை கடைசிவரை இளக்கமாகவே இருக்கும். ஒரே நிறமாக வரும்வரை இரண்டு நிமிடமாவது கலவுங்கள். குழாய்களின் மூடிகளை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. மாறினால் அடுத்தமுறை மூடியைத் திறக்க முடியாது.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையும், மெதுவாக இறுகும் வகையும் கடைகளில் கிடைக்கின்றன. அவசரமில்லையாயின் மெதுவானதையே வாங்குங்கள். பொதுவாக அதுவே கூடிய பலமுள்ளது. ஈரத்தையும் வெப்பத்தையும் அதிகம் தாங்கும். எமது வெப்பநிலையில் இரண்டு வகையுமே உறையில் கூறப்பட்டதைவிட வேகமாக இறுகும் என்பதால், தேவையான சிறிதளவை மாத்திரம் கலப்பது புத்தி.

நான்காவதாக, ஒட்டும் பரப்புகள் இரண்டிலும் மெல்லியதாகப் பூசி, பொருத்தி, அசையாமல் கட்டுங்கள். பழைய சைக்கிள் ரியூபை நீளமாக வெட்டிய பட்டியே இதற்குச் சிறந்த கட்டு. ஓரங்களில் சிறிது பசை கசிந்து வருமளவுக்கு இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி மூட்டு வறண்டுவிடும்.

ஐந்தாவதாக, பொறுமை. மெதுவான வகைக்கு ஒரு முழுநாள் விடவேண்டும், இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. மழைக்காலத்து ஈரக்காற்றில் ஒட்டுவதைத் தவிர்த்து, உலர்ந்த நாளொன்றைத் தெரிவுசெய்யுங்கள். இறுகத் தொடங்கிய பின் இளவெயிலில் வைப்பது பலத்தைக் கூட்டும். முற்றாக இறுகிய பின் மேலே பெயின்ற் பூசினால் வெயிலும் ஈரமும் பசையைத் தாக்குவது குறையும்.

கையைக் காத்துக்கொள்ளுங்கள்

எப்பொக்சி இறுகிய பின் பெரிய தீங்கில்லை. இறுகாத நிலையில் அது தோலுக்கு ஆகாதது. அடிக்கடி பட்டால் சிலருக்குச் சொறியும் கொப்புளமும் உண்டாகும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. அதன்பின் துளியளவு பட்டாலும் கை வீங்கும். கையுறை இல்லாவிடில் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவவேண்டும். அசற்றோனாலோ பெற்றோலாலோ கழுவினால் பசை தோலினுள் மேலும் ஊறும். இறுகியதைத் தேய்க்கும்போது வரும் தூளைச் சுவாசிக்காதிருக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கலக்கும் தட்டும் குச்சியும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. குழாய்கள் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும்.

ஒட்டிய பின் கவனிக்கவேண்டியவை

ஒட்டிய இடத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கும் பழக்கம் வேண்டும். பசையின் ஓரத்தில் மயிர்போன்ற கோடு, அவ்விடத்திலிருந்து வழியும் துருநீர், புதிய கிறுகிறுப்புச் சத்தம், பெயின்ற்றில் விரிசல் ஆகியன ஒட்டு விடுவதற்கு முன்வரும் அடையாளங்கள். கடற்கரைக் கிராமங்களில் இன்னும் அடிக்கடி பார்க்கவேண்டும். இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். இடையே உள்ள பசைப் படை முழுமையாக இருக்கும்வரை அது இரண்டையும் பிரித்து வைத்துப் பாதுகாக்கும். படை வெடித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகும். விட்டுப்போன ஒட்டின்மேல் புதிய பசையைப் பூசுவதாற் பயனில்லை. பழையதை முற்றாகச் சுரண்டி, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

சேர்ந்து செய்தால் செலவு குறையும்

ஒரு சோடிக் குழாயில் உள்ள பசை பல சிறு திருத்தங்களுக்குப் போதுமானது. ஒரு வீட்டில் அது ஒருமுறை பயன்பட்ட பின் அலுமாரியில் கிடந்து வீணாகின்றது. பங்கு இளைஞர்களோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கம்பித் தூரிகை, அரம், எமரித் தாள், கையுறை, பசை ஆகியவற்றைக் கொண்ட பெட்டியொன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அயலவர் தம் சைக்கிள்களைக் கொண்டுவந்து பார்க்கச் செய்யலாம். ஊரிலுள்ள முதிய சைக்கிள் திருத்துநரை அன்று அழைத்து, அவரது சொல்லை முதலிற் கேளுங்கள். எந்த வெடிப்பை வெல்டிங் கடைக்கு அனுப்பவேண்டும் என்பதை அவரது கண் எமக்கு முன்பே கண்டுகொள்ளும். எந்தச் சைக்கிளில் எந்த இடம் எந்தத் திகதியில் ஒட்டப்பட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், எந்த முறை நிலைத்தது, எது விட்டது என்பதை ஓராண்டில் நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

இறுதியாக ஒன்றைக் கூறாமல் விட மனமில்லை. வெடித்த போக்கையும் பிரேமையும் பசையால் அடைத்து, மேலே பளபளவென்று பெயின்ற் பூசி, ‘நல்ல சைக்கிள்’ என்று விற்பவர்கள் இருக்கின்றார்கள். வாங்குபவர் பெரும்பாலும் புதியதை வாங்க வசதியற்ற ஏழையே. பாவித்த சைக்கிளை வாங்குவோர் போக்கின் மேல்முனையையும், பிரேமின் மூட்டுகளையும், ஹாண்டில் தண்டையும் வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மாத்திரம் புதிய பெயின்ற்றும் தடிப்பும் இருந்தால், காந்தத் துண்டொன்றை அவ்விடத்தில் வையுங்கள். உருக்கில் இறுகப் பிடிக்கும் காந்தம் தடித்த பசைப் பூச்சின்மேல் வலுவிழந்து நிற்கும். விற்பவரும் ஒட்டிய இடத்தை மறையாமல் காட்டவேண்டும். அதனால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் மறைத்த வெடிப்பின் மேல் நாளை ஏறிச் செல்வது யாருடைய பிள்ளை என்பது விற்பவருக்குத் தெரியாது.